பரிசுச் சீட்டு: விலையும் மதிப்பும்

கேரள மாநிலத்தின் எந்தப் பேருந்து நிலையத்திலும், கடைத்தெரு முனையிலும் பரிசுச் சீட்டுகளை விரித்து வைத்த சிறு மேசை ஒன்றைக் காணலாம். பிற்பகல் மூன்று மணிக்குக் குலுக்கல் நடைபெறும். அதற்கு முன்னர் ஒரு சீட்டாவது வாங்கிவிட வேண்டும் என்று சுமை தூக்குவோரும், தானி ஓட்டுவோரும், கட்டடத் தொழிலாளரும், அலுவலகப் பணியாளரும் அங்கு வந்து நிற்பர். மாலைக்குள் அச்சீட்டுகளில் மிகப் பெரும்பாலானவை வெறுங் காகிதமாகிவிடும். மறுநாளும் அதே மேசையின் முன் அதே மக்கள் நிற்பர்.

இவ்வாறு செலவிடப்படும் பணத்திற்கு ஈடான பயன் கிடைக்கின்றதா என்பது எளிய வினாவாகத் தோன்றினும், நிகழ்தகவுக் கணிதம், நுகர்வோர் நடத்தை, பொது நிதியியல் ஆகிய மூன்று துறைகளையும் தொட்டுச் செல்வதாகும். பொருளியல் பயிலும் மாணவர்க்கு இது நல்ல பயிற்சி. வருவாய்த் திட்டமிடலில் ஈடுபடும் அலுவலர்க்கோ ஏழைக் குடும்பங்களின் வரவு செலவைத் தொடும் பொறுப்பான வினா.

வரலாற்றுப் பின்னணி

அரசின் ஆதரவில் பரிசுச் சீட்டு நடத்திப் பொதுப்பணிக்கு நிதி திரட்டும் முறை இந்தியாவிற்குப் புதிதன்று. கல்கத்தா நகரின் டவுன் ஹால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரிசுச் சீட்டு நிதியைக் கொண்டே எழுப்பப்பட்டது. 1817ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட லாட்டரிக் குழு அந்நகரின் சாலைகளையும் குளங்களையும் அமைக்கும் பணியை மேற்கொண்டது. எனினும் 1870ஆம் ஆண்டில் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 294அ பிரிவு, அரசின் அனுமதியின்றிப் பரிசுச் சீட்டு நடத்துவதைக் குற்றமாக்கியது.

விடுதலைக்குப் பின்னர் இத்துறையில் முன்னோடியாக விளங்கியது கேரளம். 1967ஆம் ஆண்டில் அம்மாநிலம் இதற்கெனத் தனித் துறையை நிறுவியது. ஒரு ரூபாய் விலையுள்ள சீட்டுக்கு முதற் பரிசு 50,000 ரூபாய். முதற் குலுக்கல் 1968ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் நடைபெற்றது. அதே ஆண்டில் தமிழ்நாடும் அரசு பரிசுச் சீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. வேறு பல மாநிலங்களும் இவ்வழியைப் பின்பற்றின.

பின்னர்ச் சில மாநிலங்கள் வேறு முடிவுக்கு வந்தன. தமிழ்நாடு 2003ஆம் ஆண்டிலும், கர்நாடகம் 2007ஆம் ஆண்டிலும் பரிசுச் சீட்டு விற்பனையைத் தடை செய்தன. கேரளம், பஞ்சாப், மேற்கு வங்கம், சிக்கிம், நாகாலாந்து உள்ளிட்ட மாநிலங்கள் தொடர்ந்து நடத்தி வருகின்றன. ஒரே நாட்டில், ஒரே பொருள் குறித்து, மாநிலங்கள் இருவேறு கொள்கைகளைக் கடைப்பிடிப்பது இதனால் விளங்கும்.

சட்ட அமைப்பு

அரசுகள் நடத்தும் பரிசுச் சீட்டுகள் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மத்தியப் பட்டியலின் 40ஆம் இனமாக இடம் பெற்றுள்ளன. பந்தயம், சூதாட்டம் ஆகியவை மாநிலப் பட்டியலின் 34ஆம் இனமாகும். எனவே பரிசுச் சீட்டை ஒழுங்குபடுத்தும் சட்டத்தை நாடாளுமன்றமே 1998ஆம் ஆண்டில் இயற்றியது. சீட்டுகளை மாநில அரசே அச்சிட வேண்டும். குலுக்கலை அரசே, தன் எல்லைக்குள்ளேயே நடத்த வேண்டும். விற்பனைத் தொகை மாநிலத்தின் பொதுக் கணக்கில் செலுத்தப்பட வேண்டும். ஒற்றை இலக்கத்தின் அடிப்படையில் பரிசு வழங்கலாகாது என்பன அதன் முதன்மையான விதிகள். தன் எல்லைக்குள் பிற மாநிலச் சீட்டுகளின் விற்பனையைத் தடை செய்யும் உரிமையை அச்சட்டத்தின் 5ஆம் பிரிவு மாநிலங்களுக்கு வழங்குகின்றது.

ஒரு பரிசுச் சீட்டுக்கு வாரத்தில் ஒரு குலுக்கலுக்கு மேல் நடத்தலாகாது என்பதும் அச்சட்டத்தின் விதியே. கேரளத்தில் வாரத்தின் ஒவ்வொரு நாளும் வெவ்வேறு பெயருள்ள சீட்டு விற்கப்படுவதை இவ்விதியோடு சேர்த்துப் பார்த்தல் வேண்டும். விதி காக்கப்படுகின்றது, எனினும் சீட்டு வாங்குவோரைப் பொறுத்தவரை குலுக்கல் நாள்தோறும் உண்டு.

எதிர்பார்ப்பு மதிப்பு

ஒரு பரிசுச் சீட்டு அதன் விலைக்குத் தகுமா என்பதை அறியப் பயன்படும் அடிப்படைக் கருவி எதிர்பார்ப்பு மதிப்பு. ஒவ்வொரு பரிசுத் தொகையையும் அது கிடைப்பதற்கான நிகழ்தகவால் பெருக்கி, அவற்றைக் கூட்டினால் இம்மதிப்பு கிடைக்கும். எளிதாகக் கூறின், மொத்தப் பரிசுத் தொகையை மொத்தச் சீட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தல் போதும்.

2022ஆம் ஆண்டின் கேரளத் திருவோணப் பம்பர்ச் சீட்டை எடுத்துக்கொள்ளலாம். சீட்டின் விலை 500 ரூபாய். முதற் பரிசு 25 கோடி ரூபாய். ஏறத்தாழ 66.5 லட்சம் சீட்டுகள் விற்பனையாயின. அறிவிக்கப்பட்ட பரிசுகளின் மொத்தம் ஏறத்தாழ 126 கோடி ரூபாய். இதனைச் சீட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு சீட்டின் எதிர்பார்ப்பு மதிப்பு 190 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகவே அமைகின்றது. அதாவது 500 ரூபாய் கொடுத்து 190 ரூபாய் மதிப்புள்ள வாய்ப்பு வாங்கப்படுகின்றது.

இச்சராசரியும் சற்று மயக்கம் தருவதே. முதற் பரிசு 25 கோடி, இரண்டாம் பரிசு 5 கோடி, மூன்றாம் பரிசாகப் பத்துப் பேருக்குத் தலா 1 கோடி என 40 கோடி ரூபாய் பன்னிரண்டு சீட்டுகளுக்கே சென்றுவிடுகின்றது. அப்பன்னிரண்டையும் நீக்கிவிட்டுக் கணக்கிட்டால் எஞ்சிய இலட்சக்கணக்கானோர்க்குச் சீட்டு ஒன்றுக்குச் சராசரியாக 130 ரூபாய் அளவே மீள்கின்றது. அதுவும் பலருக்கு ஒன்றுமில்லாமலும் சிலருக்குச் சில ஆயிரங்களாகவும் பிரிந்து செல்வது.

எஞ்சிய பணம் எங்குச் செல்கின்றது என்பதையும் நோக்க வேண்டும். அன்று நடைமுறையிலிருந்த 28 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி, சீட்டின் முகவிலையிலேயே அடங்கியதாகக் கொள்ளப்பட்டது. 500 ரூபாயில் ஏறத்தாழ 109 ரூபாய் வரி. ஆகவே சீட்டுக்கு அளிக்கப்பட்ட ஒவ்வொரு ரூபாயிலும் ஏறத்தாழ 38 காசு பரிசாகவும், 22 காசு வரியாகவும், எஞ்சிய 40 காசு முகவர் கழிவு, அச்சு மற்றும் நிருவாகச் செலவு, அரசின் ஆதாயம் ஆகியனவாகவும் பிரிந்தது. 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 22 முதல் இவ்வரி 40 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. விலை மாறாதிருப்பின், 500 ரூபாய்ச் சீட்டில் வரியின் பங்கு ஏறத்தாழ 143 ரூபாயாகும். அந்தக் கூடுதல் சுமை பரிசுத் தொகையிலோ, முகவர் கழிவிலோ, அரசின் ஆதாயத்திலோ குறைந்தே தீர வேண்டும்.

கூடுதலாகச் சீட்டு வாங்கினால் வெற்றி உறுதியாகும் என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. இரண்டு சீட்டு வாங்கினால் வாய்ப்பு இரு மடங்காகும் என்பது உண்மை. எதிர்பார்க்கத்தக்க இழப்பும் அதே அளவில் இரு மடங்காகும் என்பதும் உண்மையே. அறிஞர் ஆடம் சுமித் 1776ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் இதனை விளக்கியுள்ளார். எல்லாச் சீட்டுகளையும் ஒருவரே வாங்கினால் அவர் இழப்பது உறுதி என்பது அவர் காட்டிய உண்மை. மேற்கண்ட எடுத்துக்காட்டில் அனைத்துச் சீட்டுகளையும் வாங்க 332 கோடி ரூபாய்க்கு மேல் செலவாகும். திரும்பக் கிடைப்பதோ 126 கோடி ரூபாய்.

வெற்றி பெற்றவர் கைக்கு வருவது

அறிவிக்கப்பட்ட பரிசு முழுவதும் வெற்றி பெற்றவரைச் சென்றடைவதில்லை. மேற்கண்ட 25 கோடியில் பத்து விழுக்காடாகிய 2.5 கோடி சீட்டை விற்ற முகவருக்குரியது. எஞ்சிய 22.5 கோடியின் மீது 30 விழுக்காடு வருமான வரி 6.75 கோடி. இதன் பிறகு 15.75 கோடி நிற்கின்றது. ஐந்து கோடிக்கு மேற்பட்ட வருமானத்திற்கு அப்போதிருந்த 37 விழுக்காடு கூடுதல் வரியையும், 4 விழுக்காடு மேல்வரியையும் கணக்கிட்டால் இறுதியாகக் கையில் நிற்பது ஏறத்தாழ 12.88 கோடி ரூபாய். அறிவிக்கப்பட்ட தொகையில் பாதியளவே.

பரிசுச் சீட்டு வருமானத்திலிருந்து எச்செலவையும் கழிக்க வருமான வரிச் சட்டம் இடமளிப்பதில்லை. பத்தாண்டுகளாக வாங்கிப் பரிசு விழாத சீட்டுகளின் விலையை, பதினோராம் ஆண்டில் விழுந்த பரிசிலிருந்து கழித்துக்கொள்ள இயலாது. வணிகத்திற்கும் பரிசுச் சீட்டிற்கும் இடையே சட்டம் காணும் வேறுபாடு இது.

பின்னர் ஏன் வாங்குகின்றனர்?

கணக்கு இவ்வளவு தெளிவாயிருந்தும் மக்கள் வாங்குவதை அறியாமை என்று ஒதுக்கிவிடுதல் பொருளியலாருக்கு அழகன்று. 1948ஆம் ஆண்டில் மில்டன் ஃபிரீட்மனும் எல். ஜே. சாவேஜும் இதற்கு ஒரு விளக்கம் அளித்தனர். ஒரே மனிதர் இழப்புக்கு அஞ்சிக் காப்பீடும் செய்கின்றார். பரிசை நாடிச் சீட்டும் வாங்குகின்றார். சிறுகச் சிறுகச் சேர்த்து வாழ்வின் நிலையை மாற்ற இயலாதவருக்கு, தம் வகுப்பினின்றும் மேலெழச் செய்யும் பெருந்தொகையின் பயன்பாடு மிக உயர்ந்ததாகத் தோன்றக்கூடும் என்பது அவர்கள் கருத்து. 1979ஆம் ஆண்டில் டேனியல் கானமனும் அமாஸ் துவர்ஸ்கியும் வேறொரு கூற்றை முன்வைத்தனர். மிகச் சிறிய நிகழ்தகவுகளை மனித மனம் அவற்றின் உண்மை அளவினும் பெரிதாக எடைபோடுகின்றது. 66 லட்சத்தில் ஒன்று என்பதற்கும் 66 ஆயிரத்தில் ஒன்று என்பதற்கும் உள்ள நூறு மடங்கு வேறுபாடு உள்ளத்தில் அவ்வாறு பதிவதில்லை.

பரிசு அமைப்பும் இம்மனப்பாங்கிற்குத் துணை நிற்கின்றது. வேறு தொடரில் அதே எண்ணைக் கொண்ட சீட்டுகளுக்கு ஆறுதல் பரிசும், இறுதி நான்கு இலக்கங்கள் பொருந்தும் சீட்டுகளுக்குச் சிறு பரிசுகளும் வழங்கப்படுகின்றன. 'மயிரிழையில் தவறியது' என்ற உணர்வு மறுநாளும் வாங்கத் தூண்டுகின்றது. சிறு பரிசு பெற்றவர் அத்தொகைக்கே மீண்டும் சீட்டு வாங்கிச் செல்வது மேசைகளின் முன் அன்றாடம் காணும் காட்சி. திருக்குறளின் பொருட்பால் சூதுக்கென ஓர் அதிகாரம் வகுத்து, சூதில் வென்ற பொருளையும் மீன் விழுங்கிய தூண்டிலுக்கு ஒப்பிட்டிருப்பது இங்கு எண்ணத்தக்கது.

எனினும் ஒரு வாதத்திற்கு உரிய இடம் அளித்தல் வேண்டும். ஓணத்திற்கு ஒரு சீட்டு வாங்குபவர் குலுக்கல் நாள் வரை இனிய கற்பனை ஒன்றையும் சேர்த்தே வாங்குகின்றார். திரைப்படத்திற்கும் திருவிழாவிற்கும் செலவிடுவது போன்ற நுகர்வுச் செலவாக இதனைக் கருதினால், இழந்தாலும் இல்லத்தைத் தாக்காத தொகையாக இருக்கும் வரை, இதனை மூடச் செயல் என்று கூறுவதற்கில்லை. நுகர்வைச் சேமிப்பாகக் கருதும்போதே தவறு நேர்கின்றது.

தொழிலாளியின் கணக்கு

நாளொன்றுக்கு 50 ரூபாய்க்கு ஒரு சீட்டு வாங்கும் தொழிலாளி ஒருவரைக் கருதுவோம். அவர் மாதத்திற்கு 1,500 ரூபாய் செலவிடுகின்றார். ஐந்தாண்டுகளில் 90,000 ரூபாய். சீட்டு விலையில் பாதி பரிசாகத் திரும்புகின்றது என்று தாராளமாகக் கொண்டாலும், அவர் எதிர்பார்க்கத்தக்கது 45,000 ரூபாய். ஆயின் அதன் பெரும் பகுதி எங்கோ ஒருவருக்கு விழும் பெரும் பரிசுகளில் அடங்கியிருப்பதால், அவர் கண்ணிற் காண்பது அதனினும் மிகக் குறைவே.

அதே 1,500 ரூபாயை அஞ்சலகத் தொடர் வைப்பில், 2023 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த 6.7 விழுக்காடு வட்டியில், ஐந்தாண்டுகள் செலுத்தினால் முடிவில் ஏறத்தாழ 1,07,000 ரூபாய் கிடைக்கும். ஒரு மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கோ, கூரையை மாற்றுவதற்கோ, வட்டிக்கடைக்காரரின் கடனை அடைப்பதற்கோ இத்தொகை போதுமானது. இதனால் ஒருவர் செல்வராகிவிட மாட்டார். ஆயினும் இது உறுதியாகக் கிடைப்பது.

இனி வாழ்நாள் முழுவதையும் கணக்கிடலாம். ஒரு குலுக்கலில் ஒரு கோடி சீட்டுகள் என்று கொண்டால், ஐம்பது ஆண்டுகள் ஒரு நாளும் தவறாது சீட்டு வாங்குபவர் 18,250 சீட்டுகளை வாங்குவார். அவருக்கு ஒருமுறையேனும் முதற் பரிசு விழும் வாய்ப்பு ஏறத்தாழ 548இல் ஒன்று. அவ்வாறு வாங்கும் 548 பேரில் 547 பேர் தலா ஒன்பது லட்சத்திற்கும் மேற்பட்ட ரூபாயைச் செலவிட்டு முதற் பரிசைக் காணாமலே வாழ்வை முடிப்பர்.

முந்தைய நாட்களில் விழாத எண் இன்று விழும் என்ற நம்பிக்கைக்கும் அடிப்படை இல்லை. ஒவ்வொரு குலுக்கலும் தனித்து நிற்பது. இயந்திரத்திற்கு நேற்றைய நினைவு கிடையாது.

அரசின் கணக்கு

அரசின் வரவு செலவுத் திட்டத்தைப் பயில்வோர் ஒன்றை நினைவிற் கொள்ளுதல் நன்று. பரிசுச் சீட்டு விற்பனை முழுவதும் வரி சாரா வருவாயாக 0075 என்னும் தலைப்பில் வரவு வைக்கப்படுகின்றது. பரிசுகளும் கழிவுகளும் பிற செலவுகளும் 2075 என்னும் தலைப்பில் செலவாகின்றன. கேரளத்தின் விற்பனை 2018-19ஆம் ஆண்டில் 9,000 கோடி ரூபாயைத் தாண்டியது. இதனை மட்டும் கண்டு மாநிலத்திற்கு அவ்வளவு வருவாய் என்று எண்ணுவது பிழை. செலவுத் தலைப்பைக் கழித்த பின்னர் எஞ்சும் நிகரத் தொகை இதன் ஒரு சிறு பகுதியே. கொள்கை விவாதங்களில் மொத்தத் தொகையை நிகரத் தொகையாகக் கொள்வதனாலேயே இவ்வருவாய் இன்றியமையாதது என்ற தோற்றம் மிகுதியாகின்றது.

யாரிடமிருந்து இவ்வருவாய் பெறப்படுகின்றது என்பது அடுத்த வினா. நாளொன்றுக்கு 600 ரூபாய் ஈட்டுபவருக்கு 50 ரூபாய்ச் சீட்டு வருமானத்தில் எட்டு விழுக்காட்டிற்கு மேல். 5,000 ரூபாய் ஈட்டுபவருக்கு அது ஒரு விழுக்காடே. வருமானம் குறையக் குறையச் சுமை கூடுவதையே தேய்வுநிலை வரி என்பர். சீட்டு வாங்குமாறு யாரும் வற்புறுத்தப்படுவதில்லை என்ற விடை ஓரளவே பொருந்தும். அரசின் முத்திரையும் விளம்பரமும் அதன் பின்னணியில் நிற்கின்றன.

மறுபுறத்தையும் மறைத்தல் ஆகாது. 2011ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட காருண்யா பரிசுச் சீட்டின் வருவாய், ஏழை நோயாளிகளின் மருத்துவ உதவிக்கு ஒதுக்கப்பட்டது. முதியோரும், உடல் ஊனமுற்றோரும், வேறு வேலை செய்ய இயலாதோரும் சீட்டு விற்றுப் பிழைக்கின்றனர். அவர்தம் நலனுக்கென ஒரு நல நிதியும் அம்மாநிலத்தில் உள்ளது. மேலும், தடை செய்த மாநிலங்களில் இவ்வழக்கம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. தமிழ்நாட்டில் மூன்று இலக்க எண்களை வைத்துக் கள்ளத்தனமாக நடத்தப்படும் லாட்டரி குறித்த கைது நடவடிக்கைகள் தொடர்கின்றன. கள்ளச் சீட்டில் வரியும் இல்லை. பரிசு கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை.

எனவே தடை, அனுமதி என்ற இரண்டில் ஒன்றைத் தேர்வதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. நடத்தும் அரசு, பரிசு விழும் வாய்ப்பு எத்தனையில் ஒன்று என்பதையும், விற்பனைத் தொகையில் எத்தனை விழுக்காடு பரிசாகத் திரும்புகின்றது என்பதையும் சீட்டின் முகப்பிலேயே தெளிவாக அச்சிடலாம். தடை செய்த அரசு, தடையின் பின் தொழிலாளர் கையில் மிஞ்சும் பணம் சேமிப்பிற்குச் செல்லுமாறு அஞ்சலகங்களையும் கூட்டுறவுச் சங்கங்களையும் அவர்தம் வாயிலுக்குக் கொண்டு செல்லலாம். நாள்தோறும் ஐம்பது ரூபாயைச் சீட்டு மேசையில் செலுத்துவது எவ்வளவு எளிதோ, அவ்வளவு எளிதாகச் சேமிப்பில் செலுத்தவும் வழி இருந்தால் அன்றி அறிவுரை பயன் தராது.

முடிவுரை

பரிசுச் சீட்டு பணத்திற்குத் தகுமா என்ற வினாவிற்குக் கணிதம் தரும் விடை தெளிவானது: தகாது. முதலீடு என்ற வகையில், ரூபாய் கொடுத்து அதனிற் குறைந்த காசுகளைப் பெறும் பேரம் அது. ஆண்டிற்கொரு முறை, உபரிப் பணத்தில் வாங்கும் பொழுதுபோக்கு என்ற வகையில் அது அவரவர் விருப்பம். கடனைத் தீர்க்கவும் வறுமையைக் கடக்கவும் உள்ள வழியாக அதனை நம்பும் குடும்பத்திற்கோ, அது எவரும் கட்டாயப்படுத்தாமலே செலுத்தப்படும் மிகக் கடுமையான வரி.

ஒரு நாட்டு மக்கள் உயர்வு பெற எண்ணும்போது அவர்கள் கண்முன் தோன்றும் வழி கல்வியாகவும் தொழிலாகவும் சேமிப்பாகவும் இருத்தல் வேண்டும். பேருந்து நிலைய மேசையின் முன் நிற்கும் வரிசையின் நீளம், அவ்வழிகள் இன்னும் எத்துணைப் பேருக்கு எட்டாதிருக்கின்றன என்பதைக் காட்டும் ஓர் அளவுகோல் எனலாம். வளர்ச்சித் திட்டங்களை வகுப்போர் அவ்வளவுகோலையும் அவ்வப்போது நோக்குதல் தகும்.